எங்க வூட்டுக்காரருக்குத்தான், சிஸ்டர்

ஐடாவின் அறையில் நாற்காலிகள் எதிரெதிராக இருக்காது. பக்கத்துப் பக்கத்தில், இரண்டும் ஜன்னலைப் பார்த்தபடி போடப்பட்டிருக்கும். ஜன்னலுக்கு வெளியே சயனைடு மேடு, தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மண் குன்று. அதன் சரிவில் யாருடைய ஆடுகளோ எதையோ தேடி ஏறிக்கொண்டிருக்கும். முதல் தடவை வருகிறவர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள்.

“இன்னா சிஸ்டர், பஸ்ஸுல உக்கார மாதிரி கீது?”

“ரயில்ல உக்கார மாதிரி” என்று ஐடா சிரித்துக்கொண்டே திருத்துவாள்.

அது வெறும் பேச்சுக்குச் சொன்னதில்லை. இந்த வேலையை அவள் உண்மையில் கற்றுக்கொண்டது ரயிலில்தான்.

ஐடா பிறந்தது தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வீடுகளில். அப்பா மைன்ஸில் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் வேலை செய்தவர். மகளை நர்ஸிங் படிக்க வைத்தார். படித்து முடித்ததும் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இந்த ஊரில் பாதிப்பேர் போலவே அவளும் விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் திரும்புகிறவள் ஆனாள். ஆஸ்பத்திரியில் குடிநோய் வார்டுக்குப் போக யாருக்கும் இஷ்டமில்லை. வாந்தி, கத்தல், கையைக் கட்டிப்போடுவது எல்லாம் அங்கேதான். புதிதாக வந்தவள் என்பதால் ஐடாவை அங்கே போட்டார்கள். ஆறு மாதத்தில் மாற்றிவிடுவதாகச் சொன்னார்கள். யாரும் மாற்றவில்லை, பிறகு அவளும் கேட்கவில்லை.

அங்கே தினமும் ஒரு மணி நேரம் அறிவுரை வகுப்பு. கெட்டுப்போன ஈரலின் படத்தைத் தூக்கிக் காட்டி, இப்படி ஆகிவிடும், பிள்ளைகள் தெருவில் நிற்கும் என்று சொல்ல வேண்டும். ஐடாவும் அந்தப் படத்தோடு நின்றிருக்கிறாள். கட்டில்களில் உட்கார்ந்திருந்த ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு, “ஆமா சிஸ்டர், கண்டிப்பா சிஸ்டர்” என்பார்கள். மூன்று மாதம் கழித்து அதே முகங்கள் திரும்ப வரும்.

ஒருநாள் மாலை மாரிக்குப்பம் ரயிலில் அவளுக்குப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவர், முந்தின வாரம் வார்டிலிருந்து வீட்டுக்குப் போனவர். லேத் மிஷின் ஓட்டுகிறவர். வார்டில் இருந்த நாளெல்லாம் “சரி சிஸ்டர்” என்பதைத் தவிர வாய் திறக்காதவர். ஐடாவைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டார். ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

“மைன்ஸ மூடினதுலேந்து எங்கப்பா வாசல்லயே உக்காந்துனு இருப்பாரு சிஸ்டர். நான் போனதும் டெய்லி ஒரே கேள்வி. ‘மைன்ஸ் தொறக்கறாங்களாமா?’ன்னு. இல்லப்பான்னு சொல்லணும். டெய்லி சொல்லணும். ஒரு குவாட்டரு இல்லாம அத என்னால சொல்ல முடியல.”

டேக்கல் வரும்வரை பேசினார். நடுவில் அழுதார், மூக்கைச் சிந்திக்கொண்டார். ஒரு தடவைகூட ஐடாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பங்காரப்பேட்டையில் இறங்கும்போது மட்டும் திரும்பி, “வரேன் சிஸ்டர்” என்றார். வழி முழுக்க ஐடா சொன்னது “ம்” ஒன்றுதான். வீட்டுக்கு வந்தபோது, அந்த வார்டில் இருந்த வருஷங்களிலேயே முதல் தடவையாக இன்றைக்குத்தான் ஒருவருக்கு ஏதோ செய்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகுதான் கவுன்சலிங் படிப்பில் சேர்ந்தாள். சனி, ஞாயிறு வகுப்பு. படித்து முடித்ததும் அதே வார்டில் கவுன்சலர். ஈரல் படத்தை பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டாள். ‘ஏன் குடிக்கிறீங்க?’ என்று யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். அந்தக் கேள்விக்கு ஒரு ஆளால் ஒன்று பொய் சொல்ல முடியும், இல்லையென்றால் தலையைத் தொங்கப்போட முடியும். அவள் கேட்டது வேறு: “குடிச்சா உங்களுக்கு இன்னா கெடைக்குது?” இந்தக் கேள்விக்கு ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தூக்கம் என்றார்கள். செத்துப்போன தம்பியோடு பேச முடிகிறது என்றார்கள். பொண்டாட்டியிடம் சிரித்துப் பேச வருகிறது என்றார் ஒருவர். சரி, இதை வேறு எங்கேயிருந்து வாங்கலாம் என்று அங்கிருந்து அவர்களோடு தேட ஆரம்பிப்பாள்.

முட்டி வலி அதிகமாகி ரயில் படி ஏற முடியாமல் போன சமயத்தில், ஒரு டிரஸ்டைச் சேர்ந்தவர்கள் ஊரிலேயே நந்திதுர்க் மைன்ஸ் பக்கம் பழைய பங்களா ஒன்றை எடுத்துச் சின்னதாகக் குடிநோய் மையம் தொடங்கினார்கள். ஐடாவைக் கூப்பிட்டார்கள். அவள் கணவர் டென்சிலிடம் யோசனை கேட்டாள். “காலங்காத்தால லைட்டப் போட்டு என்னை எழுப்பமாட்டேல்ல? தாராளமா போ” என்றார் அவர்.

மையத்தில் இருந்த கட்டில்கள் எல்லாம் ஆண்களுக்கு. பெண்கள் வருவார்கள், மனைவியாக, அம்மாவாக, அக்காவாக. வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். குடிக்கிறவளாக ஒரு பெண் அந்தப் படி ஏறியதில்லை.

குணசுந்தரியும் மனைவியாகத்தான் வந்தாள்.

அது ஒரு வியாழக்கிழமை. ஐம்பது வயதைத் தாண்டியவள். நன்றாக முடிந்த கொண்டை, அதில் கனகாம்பரம், இஸ்திரி போட்ட புடவை. ஸ்கெலட்டன் லைன் வீட்டிலிருந்து வருவதாகச் சொன்னாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“எங்க வூட்டுக்காரருக்குத்தான், சிஸ்டர். குடிக்கிறாரு. கூப்டா வரமாட்டாரு. அதான் நான் வந்தேன்.”

“பரவால்ல. யாராவது ஒருத்தர் வந்தா போதும்” என்றாள் ஐடா. “குடிச்சா அவருக்கு இன்னா கெடைக்குது?”

குணசுந்தரி திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். மேட்டில் ஆடுகள் உச்சிவரை ஏறித் திரும்பும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டாள்.

“பகலு சின்னதாவுது சிஸ்டர்” என்றாள்.

அடுத்த வியாழனும் வந்தாள். அதற்கடுத்த வியாழனும். கணவரைப் பற்றி நிறையச் சொன்னாள். பெங்களூரில் வேலை பார்த்தவராம். வேலை போய்விட்டதாம். பையன் ஓசூரில் கல்யாணம் ஆகித் தனியாக இருக்கிறானாம். முதலில் முதுகுவலிக்காகத்தான் கூட வேலை செய்தவர்கள் ஒரு சரக்குப் பாக்கெட்டைக் கொடுத்தார்களாம், குளிர்பானத்தில் கலந்து குடித்தால் தூக்கம் வரும் என்று. இப்போது காலையிலேயே வேண்டியிருக்கிறதாம். அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைக்கிறாராம்.

“அப்பால காலைல கையி ஆடுது சிஸ்டர். ஊசியில நூலு கோக்க வரமாட்டேங்குது.”

“அவர் தைப்பாரா?”

குணசுந்தரி கொண்டைப் பூவைச் சரிசெய்துகொண்டாள்.

“நான் தான் பிளவுஸ் தைக்கிறேன். எனக்குக் கோத்துக் குடுப்பாரு.”

“நல்ல மனுஷன்” என்றாள் ஐடா.

“ரொம்ப நல்ல மனுஷன் சிஸ்டர்” என்றாள் குணசுந்தரி. சட்டென்று அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

ஐடாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொல்ல முடியாது. அதற்கு முன்பே கனகாம்பரத்தையும் தாண்டி, வாயில் மென்றுகொண்டு வந்த கிராம்பையும் தாண்டி, அந்த வாசனை அவளுக்கு வந்திருந்தது. அத்தனை வருஷம் வார்டில் இருந்தவளின் மூக்கை ஏமாற்ற முடியாது. ஆனால் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் லைன் வீட்டிலிருந்து கிளம்பி, தெரிந்தவர்கள் நிற்கும் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, இந்தப் படியேறி வந்திருக்கிறாள். தனியாக வர முடியாமல்தான் ஒரு ஆம்பளையை முன்னால் நிறுத்திக்கொண்டு வந்திருக்கிறாள். அவரைப் பிடுங்கிவிட்டால் அவளும் கூடவே போய்விடுவாள்.

ஆகவே அவள் அந்தக் கணவருக்கே வைத்தியம் செய்தாள்.

“வெறும் வயித்துல குடிக்க வேணாம்னு சொல்லுங்க. ரெண்டு இட்லியாவது உள்ள போவட்டும்.”

“சொல்றேன் சிஸ்டர்.”

“எந்த நேரம் அவருக்கு ரொம்ப கஷ்டமா கீது?”

“மத்தியானம். சீரியல் முடிஞ்சப்புறம். வூடே கப்புனு ஆயிடும்.”

“அந்த நேரத்துல வூட்ல இருக்க வேணாம்னு சொல்லுங்க. எங்கியாவது போவட்டும்.”

அடுத்த வாரம் ஐடா விசாரித்தாள். “எங்க போனாரு?”

“பக்கத்து லைன்ல ஒரு பொண்ணுக்கு பிளவுஸ் அளவெடுக்கப் போனேன். அவரும் கூடவே வந்தாரு.” சொல்லிவிட்டுக் குணசுந்தரிக்கே சிரிப்பு வந்தது. வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். ஐடாவும் சிரித்தாள். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் சிரித்தார்கள். எதற்கு என்று இருவருமே சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் ஐடா ஒவ்வொரு தடவையும் அழுத்திச் சொன்னாள். “ஒரேயடியா மட்டும் நிறுத்த வேணாம்னு சொல்லுங்க. இவ்ளோ நாள் குடிச்ச உடம்பு. திடீர்னு நிறுத்தினா ஜன்னி மாதிரி வரும், ஃபிட்ஸ் வரும். உயிருக்கே ஆபத்து. நிறுத்தணும்னு தோணுச்சுன்னா இங்க வரட்டும். டாக்டர் மருந்து குடுப்பாரு.”

டாக்டர் ஷெர்வின் பெங்களூரிலிருந்து வியாழக்கிழமைகளில் மட்டும் வருவார். சின்ன வயசு. ஐடா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

“மேடம், வராத பேஷண்ட்டை எத்தனை நாள் பாப்பீங்க?” என்று கேட்டார் அவர்.

“அவர் வர வரைக்கும் டாக்டர்.”

“ரிஸ்க் மேடம்.”

“தெரியும்.”

தெரிந்துதான் இருந்தது. ராத்திரி ஜெபத்தில் டென்சில் பக்கத்தில் முட்டி போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்தபடியே அவள் குணசுந்தரியின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். தான் செய்வது பொறுமையா, இல்லை தைரியம் இல்லாததா என்பது அவளுக்கே சரியாகப் புரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை, மையத்துக்கு ஒருவர் வந்தார். செக்யூரிட்டி யூனிஃபார்ம், நெற்றியில் விபூதி. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பேங்க் வாசலில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். நாற்காலியைப் பார்த்துக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“என் பேரு வேலு, சிஸ்டர். எங்க வூட்ல வியாழக்கிழம இங்க வராங்க.”

“யார் வராங்க, எதுக்கு வராங்கன்றத நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்றாள் ஐடா.

“நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன், கேளுங்க.” தொப்பியின் விளிம்பை ஒரு சுற்று சுற்றினார். “நான் பொறந்ததுலேந்து குடிச்சதில்ல. அண்டர்கிரவுண்ட்ல வேல செஞ்ச காலத்துலயும் இல்ல. வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கறவன். இப்ப லைன்ல எல்லாரும், ‘இன்னா வேலு, பொண்டாட்டிய சென்டருக்கு அலைய வுட்றியாமே, வுட்டுத் தொலையக்கூடாதா’ன்றாங்க. டீக்கடைல என்னைப் பாத்து தலைய ஆட்றாங்க.”

ஐடா காத்திருந்தாள். கோபமாக வந்த கணவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இந்த மனிதரின் குரலில் அது இல்லை.

“சொல்லிட்டுப் போவட்டும் சிஸ்டர். அத சொல்ல வரல. அதுக்காக நான் அவங்கள தடுத்துடுவேன்னு நீங்க நெனச்சிடக்கூடாது. அவங்க வரணும். நிறுத்திடாதீங்க, அத சொல்லத்தான் வந்தேன்.”

“உங்களுக்குத் தெரியுமா?” ஐடாவின் வாயிலிருந்து அது தானாகவே வந்துவிட்டது.

“ரெண்டு வருஷமா தெரியும். ஒருநாள் அவங்களுக்கு ஜொரம்னு நான் சோறு வடிக்கலாம்னு போனேன். அரிசி டிரம்முல கை வச்சேன், பாக்கெட்டு. எடுத்துப் பாத்துட்டு அப்படியே வச்சிட்டேன்.” அவர் மூச்சை இழுத்து விட்டார். “கேக்கணும்னு தினமும் நெனப்பேன். என் வாயிலேந்து அந்தக் கேள்வி வந்துச்சுன்னா அவங்க அப்பால என் மூஞ்சிய பாக்கவேமாட்டாங்க. என் பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது. நான் இன்னா செய்யணும், அத மட்டும் சொல்லுங்க.”

 ஐடா மேஜை மேலிருந்த தண்ணீரைக் குடித்தாள்.

“தேடாதீங்க. கீழ ஊத்தாதீங்க. ராத்திரி ஒண்ணா உக்காந்து சாப்டுங்க. கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, இல்லாதது இருக்கற மாதிரி பேசினாங்கன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம கூட்டிட்டு வாங்க.”

“கண்டுக்காத மாதிரி நடிக்கணுமா?”

“நடிக்க வேணாம். அவங்களா சொல்ற நாள்ல கிட்ட இருங்க. அது போதும்.”

வேலு எழுந்தார். “நான் வந்தத அவங்களுக்கு சொல்லாதீங்க.”

“நானா சொல்லமாட்டேன். கேட்டாங்கன்னா பொய்யும் சொல்லமாட்டேன்.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரிதான்” என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

ஆடி பிறந்தது. லைன் வீடுகளில் காவடி எடுக்கிறவர்கள் மாலை போட்டுக்கொண்டார்கள். குணசுந்தரி அந்த வியாழக்கிழமை வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்தாள். கொண்டையில் பூ இல்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை. வெளியே மேகம் போட்டுக் குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருந்தது.

“அவரு நிறுத்திட்டாரு சிஸ்டர்” என்றாள்.

“எப்ப?”

“நேத்து காலைலேந்து தொடல. கிருத்திகைக்கு வூட்ட கழுவி சுத்தம் பண்ணேன். சாமி வர்ற வூட்ல அத வச்சிக்கினு... எல்லாத்தையும் கீழ ஊத்தி...” பேச்சு நின்றது. ஜன்னலைக் கூர்ந்து பார்த்தாள். “அந்த ஆட்டு மேல இன்னா சிஸ்டர், பூச்சி பூச்சியா?”

மேட்டில் அன்றைக்கு ஆடுகளே இல்லை.

ஐடாவுக்கு நர்ஸாக இருந்த காலத்து நிதானம் எங்கிருந்தோ வந்து நின்றது. நாற்காலியை முதல் தடவையாகக் குணசுந்தரியின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

“குணா, அவருக்கு இப்ப எவ்ளோ நடுங்குதுன்னு நான் பாக்கணும். உங்க கைய குடுங்க.”

குணசுந்தரி அவளைப் பார்த்தாள்.  மடியில் ஒன்றையொன்று பிடித்திருந்த கைகளைப் பிரித்து, வலது கையை நீட்டினாள். அந்தக் கை காற்றில் அடிபடும் இலைபோல் ஆடியது. ஐடா அதை இரண்டு கையாலும் பிடித்தாள். நாடி தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது.

“அவருக்கு பயமா கீது சிஸ்டர்” என்றாள் குணசுந்தரி மெல்ல.

“தெரியும். அவர நான் தனியா விடமாட்டேன்.”

டாக்டர் ஷெர்வின் வந்து பார்த்தார். ஒரு ஊசி போட்டார். இங்கே பெண்களுக்குப் படுக்கை இல்லை, கோலாரில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிடுகிறேன், கூட வீட்டு ஆள் யாராவது வர வேண்டும் என்றார்.

“வூட்டுக்காரருக்கு போன் பண்ணட்டுமா?” என்று ஐடா கேட்டாள்.

“வேணாம் சிஸ்டர். வேணாம். அவரு மால போட்டுனு கீறாரு. அவருக்குத் தெரிய வேணாம்.”

இந்த இடத்தில் ஐடாவுக்கு ஒரு வார்த்தை போதும். அவருக்கு எப்போதோ தெரியும் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது வேலு சொல்ல வேண்டியது. “குணா, அவர் நல்ல மனுஷன்னு நீங்கதான் சொன்னீங்க. அத இன்னைக்கு நம்பிப் பாருங்களேன்” என்றாள். குணசுந்தரி கண்ணை மூடிக்கொண்டு நம்பரைச் சொன்னாள்.

வராந்தா பெஞ்சில் அவளை ஐடா தன்மேல் சாய்த்து உட்காரவைத்திருந்தாள். எதிர் பெஞ்சில் ஐந்தாறு பேர். அதில் பாக்யலட்சுமியும் இருந்தாள். குணசுந்தரியின் லைனிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவள், மகனைக் காட்ட வந்திருந்தாள். குணசுந்தரியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலு மூச்சு வாங்க உள்ளே வந்தார். கழுத்தில் மாலை, யூனிஃபார்ம் சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்தது. ஆம்புலன்ஸோடு வந்த புதுப் பையன் வாசலில் நின்று கேட்டான்.

“பேஷண்ட் யாருங்க?”

வேலு மனைவியைப் பார்த்தார். எதிர் பெஞ்சைப் பார்த்தார்.

“நான்தாம்பா” என்றார். “எங்க வூட்ல துணைக்கு வராங்க.”

பாக்யலட்சுமி தலையை ஆட்டினாள், ஊர் சொன்னது சரிதான் என்பதுபோல்.  அந்தப் பையன் வேலுவின் கையைப் பிடிக்க வந்தான்.

“இல்ல” என்றாள் குணசுந்தரி.

ஐடாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். உடம்பு முழுக்க ஆடியது. குரல் மட்டும் ஆடவில்லை.

“அவரு கையால தொட்டதில்ல. நான்தான். நான்தான் குடிக்கிறேன்.”

 வேலு போய் அவள் பக்கத்தில் நின்றார். “தெரியும் குணா” என்றார். “ரெண்டு வருஷமா தெரியும். வா, போலாம்.”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் அசைந்தது பாக்யலட்சுமிதான். எழுந்து வந்து, தன் தோளில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்துக் குணசுந்தரிமேல் போர்த்தினாள். “காத்து கீது பாரு. மொதல்ல வண்டில போய் படு. வூட்டு சாவிய என்கிட்ட குடு, வேலு” என்றாள்.

கோலாரில் முதல் சில நாட்கள் மோசமாகத்தான் இருந்தன. யாரோ பாம்பை விடுகிறார்கள் என்று கத்தினாள், வேலுவை அடையாளம் தெரியாமல் அண்ணா என்று கூப்பிட்டாள். கிருத்திகை அன்றைக்கு அவர் காவடி எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முருகன் ஒன்றும் சொல்லமாட்டார் என்று ஐடாவிடம் போனில் சொன்னார். பிறகு காய்ச்சல் தணிவதுபோல் அது தணிந்தது. குணசுந்தரி மெலிந்து, முகம் தெளிந்து வீட்டுக்கு வந்தாள்.

வியாழக்கிழமைகள் தொடர்ந்தன. இப்போது அவள் ‘நான்’ என்றே பேசினாள். முதலில் சில வாரம் நாக்கு தடுக்கி “அவருக்கு...” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்துவாள். ‘நான்’ என்று சொல்லிப் பேசுவது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை ஐடா கவனித்தாள். அவர் பெயரில் பேசும்போது சிரித்தவள், தன் பெயரில் பேசும்போது அழுதாள். பெங்களூரில் கார்மென்ட்ஸ் கம்பெனியில் கழிந்த வருஷங்களை, மிஷின் சத்தம் நின்றபிறகு வீட்டில் வந்து உட்கார்ந்த அமைதியை, மகன் வாரக் கடைசியில் வருவதாகச் சொல்லி வராமல் போன நாட்களைச் சொன்னாள். ஐடா அதிகம் பேசவில்லை. ஒருமுறை வேலுவையும் கூட உட்காரவைத்து, அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி இருவரையும் பேசச் சொன்னாள். “நீ இன்னாத்துக்கு கேக்கல?” என்று அவள் கோபமாகக் கேட்டாள். அவ்வளவு கோபத்தை அவரும் பார்த்ததில்லைபோல. “பயம்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் இருவரும் ஒழுங்காகச் சண்டை போட்டார்கள். அது நல்லது என்று ஐடா விட்டுவிட்டாள்.

லைனில் பேச்சு நிற்கவில்லை, மாறியது. சிலர் குணசுந்தரியிடம் பிளவுஸ் தைக்கக் கொடுப்பதை நிறுத்தினார்கள். பாக்யலட்சுமி தன்னுடையதோடு அக்கம்பக்கத்தார் துணியையும் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். வராந்தாவில் நடந்தது தெரியாத சில கிழவர்கள் இன்றைக்கும் டீக்கடையில் வேலுவின் முதுகைத் தட்டி, “நல்லவேள வுட்டுட்டப்பா” என்கிறார்கள். “ஆமாண்ணா” என்று அவர் டீயைக் குடிக்கிறார்.

அடுத்த வருஷம், பேத்தமங்களாவில் அக்கா மகளின் வளைகாப்பு. குணசுந்தரி போயிருந்தாள். பந்தியில் ஒருத்தி இன்னொருத்தியிடம், “அவதான், சென்டருக்குப் போனவ” என்று காட்டியது காதில் விழுந்தது. சிரித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தாள். வரும் வழியில் பஸ் ஸ்டாப்பிலேயே ஒரு பாக்கெட் வாங்கினாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஐடா அறையைத் திறக்கும்போது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். வேலு கூட வரவில்லை. அவரிடம் சொல்லிவிட்டுத் தனியாக வந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“எல்லாம் போச்சு சிஸ்டர். நேத்து குடிச்சிட்டேன், அவருகிட்டயும் சொல்லிட்டேன்” என்றாள். “மறுபடியும் மொதல்லேந்தா?”

“இல்ல” என்றாள் ஐடா. “எங்க விட்டீங்களோ அங்கேருந்து. நேத்து ராத்திரி அவர்கிட்ட எப்படி சொன்னீங்க?”

“சாப்டும்போது. சோத்த பெசஞ்சிக்கினே சொன்னேன்.”

“அவர் இன்னா சொன்னாரு?”

“கொழம்பு ஊத்தட்டுமான்னு கேட்டாரு.” குணசுந்தரி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்பால, காலைல நீயே போறியா நான் வரட்டுமான்னு கேட்டாரு. நானே போறேன்னேன்.”

“போன வருஷம் இப்படி சொல்லியிருப்பீங்களா?”

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.  வெளியே மழை வரும்போல் இருந்தது.

இப்போது செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெண்களுக்கு மட்டும் என்று ஐடா ஒதுக்கியிருக்கிறாள். போர்டு எதுவும் வைக்கவில்லை. முதலில் குணசுந்தரி மட்டும்தான். பிறகு, தங்கச்சிக்கு என்று சொல்லி ஒருத்தி வந்தாள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என்று ஒருத்தி. ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஒரு டீச்சர், தன் தோழிக்கு என்று வந்தாள். யார் பெயரில் வந்தாலும் ஐடா அந்தப் பெயருக்கே பதில் சொல்கிறாள். வந்த வாரமே வியாழக்கிழமை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பதை மட்டும் இப்போது கண்டிப்பாக வைத்திருக்கிறாள். “உங்க தங்கச்சிக்கு பதிலா நீங்க காட்டுங்க, போதும்” என்பாள். இதுவரை யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

டாக்டர் ஷெர்வின் டிரஸ்டிடம் பேசி, பின்னால் இருந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்து பெண்களுக்கு மூன்று கட்டில் போட ஏற்பாடு செய்துவிட்டார். வெள்ளையடித்த அன்று ஐடா போய்ப் பார்த்தாள். ஈரச் சுண்ணாம்பு வாசனை. குணசுந்தரி ஏற்கெனவே அங்கே ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு, ஜன்னல் திரைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். கீழே ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற பாக்யலட்சுமி, “இன்னும் கொஞ்சம் எறக்கம் வுடு, வெயில் மூஞ்சில அடிக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.